சர்க்கரை நோயில் கால் மதமதப்பும் தள்ளாட்டமும்: கீழே விழாமல் இருக்க அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்க்கரை நோயால் கால் நரம்பு கெட்டால் பாதத்தில் புண் வரும் என்பது இன்று பலருக்கும் தெரிந்திருக்கிறது. அதே நரம்புக் கேடு ஆளைக் கீழேயும் தள்ளும் என்பது அந்த அளவுக்குத் தெரியவில்லை. "வயசாயிடுச்சு, அதான் தடுமாறுது" என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். மருத்துவரும் கேட்பதில்லை, நோயாளியும் சொல்வதில்லை. இடுப்பெலும்பு முறிந்த பிறகுதான் காலைத் தொட்டுப் பார்க்கிறார்கள். அதற்கு முன்பே செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன.

சர்க்கரைக்கும் தள்ளாட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?

நாம் சாயாமல் நிற்க மூளைக்கு மூன்று இடங்களிலிருந்து தகவல் போக வேண்டும்: கண், உள்காது, கால்கள். உள்ளங்கால் தோல், கணுக்கால் மூட்டு, கெண்டைக்கால் தசை ஆகியவை எடை எந்தப் பக்கம் சாய்கிறது, பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். அதை வைத்து மூளை நொடிக்கு நொடி உடலைத் திருத்துகிறது. நமக்கு அது தெரிவதே இல்லை.

பல ஆண்டுகள் சர்க்கரை கூடியே இருந்தால் உடலிலேயே நீளமான நரம்புகள்தான் முதலில் அடிவாங்கும். அதனால் கேடு இரண்டு கால்களிலும் விரல் நுனியில் தொடங்கி மெல்ல மேலேறுகிறது. முழங்கால் அளவுக்கு வரும்போது கைவிரல் நுனிகளிலும் மதமதப்பு தொடங்கும். பாதத்திலிருந்து வரும் தகவல் குறைகிறது, வருவதும் தாமதமாக வருகிறது. பாதத்தின் சிறு தசைகளும் கணுக்காலைத் தூக்கும் தசைகளும் மெலிகின்றன. ஆக, சாய்வது தாமதமாகத்தான் தெரிகிறது. தெரிந்த பின்னும் நிமிர்த்தப் போதிய பலம் இல்லை. தள்ளாட்டத்துக்கு இந்த இரண்டும் சேர்ந்துதான் காரணம்.

எனக்குக் கால் எரிச்சலோ வலியோ இல்லை. அப்படியும் பாதிப்பு இருக்குமா?

இருக்கும். பெரும்பாலும் ஆபத்து அங்கேதான் அதிகம். எரிச்சலையும் சூட்டையும் உணர்பவை மெல்லிய நரம்பிழைகள். அதிர்வையும் மூட்டு இருக்கும் நிலையையும் உணர்பவை தடித்த இழைகள். நிலைதடுமாறாமல் நிற்கத் தேவை தடித்தவை. அவை சத்தமில்லாமல் கெட்டுப்போகலாம். கால் எரிந்தால் மாத்திரை கேட்டு வருகிறார்கள். மரத்துப்போனால் யாரும் வருவதில்லை.

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் காலைக் காட்டிப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். நடக்கும்போது செருப்பு கழன்று போனது தெரியாமல் நாலடி நடந்துவிடுவது. பஞ்சு மேல் நடப்பது போல் இருப்பது. தரையைப் பார்த்தபடியே நடப்பது. கரண்ட் போனதும் நின்ற இடத்திலேயே சுவரைத் தேடுவது. வாஷ்பேசினில் முகத்தில் தண்ணீர் அடிக்கும்போது முன்னால் சாய்வது.

கடைசி அறிகுறிக்கு மருத்துவத்தில் நீண்ட வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மருத்துவர் ரோம்பெர்க், தண்டுவடம் பாதித்தவர்கள் கண்ணை மூடியதும் தள்ளாடுவதைப் பதிவுசெய்தார். கால் தகவல் போய்விட்டவரைக் கண்தான் நிறுத்தி வைத்திருக்கிறது. கண்ணை மூடினால் அந்த முட்டும் போய்விடும். இன்றும் மருத்துவமனையில் பாதங்களைச் சேர்த்து நிற்க வைத்துக் கண்ணை மூடச் சொல்லும் பரிசோதனைக்கு அவர் பெயர்தான்.

எந்தெந்த நேரத்தில் அதிகம் விழுகிறார்கள்?

மேலே சொன்னதிலிருந்தே பதில் வருகிறது: கண்ணின் உதவி இல்லாமல் போகும் நேரங்களில். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது, சோப்பு நுரைக்காகக் கண்ணை மூடும்போது, பனியனையோ நைட்டியையோ தலை வழியாகக் கழற்றும்போது, இரவில் சிறுநீர் கழிக்க இருட்டில் எழும்போது, பரணில் இருப்பதை அண்ணாந்து பார்த்து எடுக்கும்போது.

அடுத்து, திடீரெனத் திரும்பும்போது. யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் உடல் திரும்பிவிடும், பாதம் திரும்பாது. படியில் ஏறுவதைவிட இறங்குவது ஆபத்து. இரண்டு வேலையை ஒன்றாகச் செய்வதும் அப்படித்தான்: போனில் பேசிக்கொண்டே நடப்பது, கையில் காபி டம்ளருடன் வாசற்படி தாண்டுவது. கால் தகவல் குறைந்தவர் நடப்பதற்கே மூளையின் கவனத்தைச் செலவழிக்கிறார். அந்தக் கவனத்தை வேறு எதற்காவது கொடுத்தால் நடை தடுமாறும்.

எண்ணெய்க் குளியலைத் தனியாகச் சொல்ல வேண்டும். உள்ளங்காலில் எண்ணெய், தரையில் எண்ணெய், கண்ணில் சீயக்காய், மேலே வெந்நீர். வெந்நீரில் ரத்தக் குழாய்கள் விரிந்து ரத்த அழுத்தமும் இறங்கும். விழுவதற்கான காரணங்கள் எல்லாம் ஒரே இடத்தில் கூடுகின்றன. எண்ணெய்க் குளியல் வேண்டுமென்றால் உள்ளங்காலில் எண்ணெய் வைக்காமல், நாற்காலியில் உட்கார்ந்தபடி, வீட்டில் ஆள் இருக்கும்போது, வெந்நீரை வேறொருவர் கைவிட்டுப் பார்த்த பிறகு குளியுங்கள்.

மருத்துவரிடம் என்ன பரிசோதனை கேட்க வேண்டும்?

ஆண்டுக்கு ஒரு முறையாவது செருப்பையும் சாக்ஸையும் கழற்றி முழுப் பாதப் பரிசோதனை. 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்வு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். 128 ஹெர்ட்ஸ் டியூனிங் ஃபோர்க்கைத் தட்டிக் கால் கட்டைவிரல் எலும்பின் மேல் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று கேட்பார்கள். தள்ளாட்டத்தைப் பொறுத்தவரை இந்த இரண்டாவதுதான் முக்கியம். பல சர்க்கரை நோய் மையங்களில் பயோதெசியோமீட்டர் என்ற கருவி இருக்கிறது; அதில் அதிர்வு தெரிய 25 வோல்ட்டுக்கு மேல் தேவைப்பட்டால் பாதிப்பு கடுமையானது என்று பொருள்.

இவற்றோடு கணுக்கால் அனிச்சை (குதிகாலுக்கு மேல் சிறு சுத்தியலால் தட்டிப் பார்ப்பது), படுத்தும் நின்றும் எடுத்த ரத்த அழுத்தம், கண் பரிசோதனை, வைட்டமின் பி12 அளவு ஆகியவற்றையும் கேளுங்கள். "கடந்த ஒரு வருஷத்தில் விழுந்தேன்" என்றால் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். காயம் படாமல் விழுந்ததும் கணக்கில் சேரும்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்க வழி உண்டா?

உண்டு. பக்கத்தில் ஒருவர் கை எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும்.

எழுந்து நடக்கும் சோதனை: நாற்காலியிலிருந்து சரியாக 3 மீட்டர் அளந்து தரையில் ஒரு கோடு போடுங்கள். "போ" என்றதும் எழுந்து, வழக்கமான வேகத்தில் கோடு வரை நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். வழக்கமாகப் போடும் செருப்பு, பிடிக்கும் கைத்தடி எல்லாம் இருக்கலாம். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து அதிகம். நேரத்தை மட்டும் பார்க்காதீர்கள். திரும்பும் இடத்தில் எத்தனை சிறு அடி வைக்கிறார், சுவரைத் தேடுகிறாரா, உட்காரும்போது பொத்தென்று விழுகிறாரா என்பதையும் கவனியுங்கள்.

நிற்கும் சோதனை: கண்ணைத் திறந்தபடி நான்கு நிலைகள், ஒவ்வொன்றும் 10 விநாடி. முதலில் இரு பாதங்களும் பக்கத்தில் பக்கம். பிறகு ஒரு பாதத்தை அரைப் பாதம் முன்னே தள்ளி. மூன்றாவது, ஒரு குதிகால் மற்றதன் கட்டைவிரலைத் தொட, நேர்கோட்டில். கடைசியாக ஒற்றைக் கால். மூன்றாவது நிலையில் 10 விநாடி நிற்க முடியாவிட்டால் ஆபத்து என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உட்கார்ந்து எழும் சோதனை: கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது? 65 முதல் 69 வயதுக்குள் ஆண்களுக்கு 12க்குக் கீழேயும் பெண்களுக்கு 11க்குக் கீழேயும் போனால் தொடையில் பலம் போதாது.

கண்ணை மூடிச் செய்யும் சோதனை வீட்டில் வேண்டாம்.

படுக்கையிலிருந்து எழுந்ததும் கண் இருட்டிக்கொண்டு வருகிறது. இதுவும் நரம்பா?

இருக்கலாம். ரத்தக் குழாயைச் சுருக்கும் தன்னியக்க நரம்புகளையும் சர்க்கரை கெடுக்கும். எழுந்து நின்றால் ரத்தம் காலில் தேங்கும். குழாய் சுருங்காததால் மூளைக்குப் போகும் ரத்தம் குறையும். கண்டுபிடிப்பது சுலபம். 5 நிமிடம் படுத்திருந்து ரத்த அழுத்தம் பாருங்கள். எழுந்து நின்று 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் மறுபடி பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அதை மருத்துவரிடம் காட்ட வேண்டும். கிளினிக்கில் எப்போதும் உட்கார வைத்தே அழுத்தம் பார்ப்பதால் இது வருடக் கணக்கில் தப்பிவிடுகிறது. உட்கார்ந்து எடுத்தபோது 150 இருந்ததைப் பார்த்து மாத்திரையைக் கூட்டுவார்கள். நின்றால் 110க்கு இறங்குபவர் அன்று இரவே விழக்கூடும்.

எழும் முறையை மாற்றுங்கள். படுத்தபடியே கணுக்காலை 20 முறை மேலும் கீழும் ஆட்டுங்கள். ஒருக்களித்துப் படுத்து, கையூன்றி எழுந்து கட்டில் ஓரத்தில் ஓரிரு நிமிடம் உட்காருங்கள். எழுந்த பின் எதையாவது பிடித்தபடி மெல்லப் பத்து எண்ணிவிட்டு நடங்கள். இருட்டிக்கொண்டு வந்தால் உடனே உட்காருங்கள். சமாளித்து நடக்கப் பார்க்காதீர்கள். வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் இந்தத் தொல்லை கூடும், அப்போது கவனம் வேண்டும். உப்பைக் கூட்டுவது, இறுக்கமான காலுறை போடுவது இரண்டும் மருத்துவர் சொன்ன பிறகுதான். சிறுநீரகமோ கால் ரத்த ஓட்டமோ சரியில்லாதவருக்கு அவை கெடுதல் செய்யும்.

படுக்கையில் புரண்டால் அறையே சுற்றுகிறது. அது?

அது பெரும்பாலும் உள்காதுச் சிக்கல். தலையைத் திருப்பும்போது மட்டும் வந்து ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடும். காது மூக்கு தொண்டை மருத்துவர் தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பியே சரிசெய்துவிட முடியும். மாதக் கணக்கில் தலைசுற்றல் மாத்திரை தின்ன வேண்டியதில்லை.

நான் சாப்பிடும் மாத்திரைகள் தள்ளாட்டத்தைக் கூட்டுமா?

கூட்டும். கால் எரிச்சலுக்குத் தரும் பிரிகாபலின், காபாபென்டின், அமிட்ரிப்டிலின் மூன்றுமே மயக்கமும் தள்ளாட்டமும் தரக்கூடியவை. சிறுநீரகம் பாதித்தவருக்கு பிரிகாபலினும் காபாபென்டினும் உடலில் தங்கிவிடும், அளவைக் குறைத்தே ஆக வேண்டும். தூக்கத்துக்கான அல்ப்ரசோலம், குளோனசெபம், புரோஸ்டேட்டுக்கான டாம்சுலோசின், அழுத்தத்துக்கான பிரசோசின், நீர் பிரிக்கும் மாத்திரைகள் இவையும் பட்டியலில் உண்டு. சர்க்கரை நோய் மாத்திரைகளான டாபாகிளிஃபுளோசின், எம்பாகிளிஃபுளோசின் சிறுநீரில் சர்க்கரையோடு சேர்த்து நீரையும் வெளியேற்றும். வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வந்தால் அவற்றை நிறுத்திவைக்க வேண்டுமா என்று உடனே கேளுங்கள்.

எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும், சித்தா, ஆயுர்வேதம், மருந்துக் கடையில் கேட்டு வாங்கியவை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போய் மேசையில் கொட்டுங்கள். மூன்று மருத்துவர்கள் எழுதிய மூன்று சீட்டுகளில் ஒரே மருந்து வேறு வேறு பெயரில் இருப்பது அப்போதுதான் தெரியவரும்.

பி12 ஏன் பார்க்க வேண்டும்?

மெட்ஃபார்மின் பல ஆண்டுகள் சாப்பிட்டால் பி12 உறிஞ்சப்படுவது குறையும். அமிலம் குறைக்கும் வயிற்று மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் குறையும். சைவ உணவு மட்டும் சாப்பிடுபவருக்குச் சேமிப்பே குறைவு. பி12 குறைந்தால் நரம்போடு தண்டுவடமும் பாதிக்கப்பட்டு அதே மதமதப்பு, அதே தள்ளாட்டம் வரும். சர்க்கரை இருப்பதால் எல்லாப் பழியும் அதன் மேல் விழுகிறது. திருத்தக்கூடிய காரணம் ஒன்று அடியில் கிடக்கிறது. ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே குறைபாடு, 200 முதல் 300 வரை சந்தேகம்.

"நரம்பு பலத்துக்கு" என்று கடையில் வாங்கி வருடக் கணக்கில் சாப்பிடும் மாத்திரைகளில் பி6 எவ்வளவு இருக்கிறது என்று அட்டையைப் பாருங்கள். பி6 அதிக அளவில் நெடுநாள் போனால் அதுவே உணர்வு நரம்புகளைக் கெடுக்கும்.

லோ சுகரால் விழுவது எப்படித் தெரியும்?

விழுந்தவுடன் கைவசம் கருவி இருந்தால் சர்க்கரையைப் பாருங்கள். 70க்குக் கீழே என்றால் மூன்று நான்கு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இன்னும் குறைவாக இருந்தால் மீண்டும் கொடுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108க்கு அழையுங்கள். இன்சுலின், கிளைபென்கிளமைடு, கிளிமெபிரைடு எடுப்பவர்கள் விடியற்காலையிலும் உணவு தள்ளிப்போகும் நேரத்திலும் கவனமாக இருக்க வேண்டும். நெடுநாள் நோய் உள்ளவர்களுக்கு வியர்வை, படபடப்பு போன்ற முன்னறிவிப்பே வராமல் போகலாம். தள்ளாடும் முதியவருக்கு ஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் அளவு) 6.5 வேண்டும் என்று விரட்டுவதில் நியாயமில்லை. 8 வரை இருந்தாலும் போதும் என்று மருத்துவர் தளர்த்தலாம்.

வீட்டில் எதை மாற்ற வேண்டும்?

கையில் பணம் குறைவாக இருந்தால் முழுதையும் பாத்ரூமில் போடுங்கள்.

கைப்பிடிக் கம்பி: துருப்பிடிக்காத எஃகு, 32 முதல் 38 மில்லிமீட்டர் தடிமன். கை முழுதாகச் சுற்றிப் பிடிக்கும் அளவு இதுதான். சுவருக்கும் கம்பிக்கும் இடையே சுமார் 38 மில்லிமீட்டர் இடைவெளி. இதைவிடக் கூடினால் விழும்போது முழங்கை உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். கழிப்பறையில் உட்கார்ந்து எழ ஒன்று, குளிக்கும் இடத்தில் ஒன்று, உள்ளே நுழையும் கதவருகே ஒன்று. உயரத்தை நோயாளியை நிற்க வைத்துக் குறியுங்கள்: கையைத் தொங்கவிட்டு முழங்கையைச் சற்று மடக்கினால் எட்டும் இடம். டைல்ஸைத் தாண்டிச் செங்கல்லிலோ கான்கிரீட்டிலோ ஆங்கர் போல்ட் இறங்க வேண்டும். பொருத்தியதும் வீட்டிலேயே கனமான ஆள் முழு எடையோடு தொங்கிப் பார்க்கட்டும். ரப்பர் உறிஞ்சியால் ஒட்டும் கம்பி வேண்டாம், நம்பிப் பிடிக்கும் அன்றுதான் கழன்று வரும். துண்டு போடும் கம்பியும் குழாயும் கைப்பிடியாகாது.

குளிக்க அகலமான கால்களும் கால் நுனியில் ரப்பரும் உள்ள நாற்காலி. வழவழப்பான பிளாஸ்டிக் முக்காலி தள்ளிக்கொண்டு போகும். வாளியைத் தரையில் வைத்துக் குனிந்து மொள்ளாமல், இன்னொரு முக்காலி மேல் இடுப்பு உயரத்தில் வையுங்கள். கைத்தெளிப்பான் இருந்தால் இன்னும் நல்லது. தரையில் வாரம் இருமுறை சோப்புப் படிவைத் தேய்த்துக் கழுவ வேண்டும். கதவை உள்ளே தாழிட வேண்டாம். முடிந்தால் கதவு வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுங்கள். உள்ளே விழுந்தவர் உள்பக்கம் திறக்கும் கதவை அடைத்துக்கொண்டு கிடப்பார். குந்தி உட்காரும் கழிப்பறையிலிருந்து எழுவது மெலிந்த தொடைக்கு மிகக் கடினம். அதன் மேல் வைக்கும் கமோடு நாற்காலி மருத்துவப் பொருள் கடைகளில் கிடைக்கும்.

அடுத்தது வெளிச்சம். படுக்கையிலிருந்து கழிப்பறை வரை ஆள் அசைந்தால் எரியும் சிறு விளக்குகள் இரண்டு மூன்று. கரண்ட் போனால் பயன்படத் தலையணைக்கருகே டார்ச். நிலைப்படியின் விளிம்பில் மஞ்சள் டேப் ஒட்டுங்கள். படிக்கட்டு ஒவ்வொன்றின் விளிம்பிலும் அப்படியே. நழுவும் கால்மிதிகளை எடுத்துவிடுங்கள், அல்லது அடியில் ரப்பர் உள்ளதாக மாற்றுங்கள். வீடு துடைத்தால் காயும்வரை அவர் உட்கார்ந்திருக்கட்டும். வேட்டியும் நைட்டியும் கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும்.

கண்ணாடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரட்டைப் பார்வைக் கண்ணாடி (பைஃபோகல்) போட்டுப் படி இறங்கும்போது கீழ்ப்பாதி வழியாகப் பார்ப்பதால் படி மங்கித் தெரியும். நடக்க, படி இறங்கத் தூரப் பார்வைக்கான தனிக் கண்ணாடி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள் செருப்பு போடலாமா? எந்த வகை?

போட வேண்டும். உள்ளே மட்டும் போட ஒரு ஜோடி தனியாக வையுங்கள், வாசலில் கழற்றும் வழக்கமும் கெடாது. வெறும் சாக்ஸோடு டைல்ஸில் நடக்கவே கூடாது.

ஹவாய் செருப்பு உதவாது. அதைப் பிடித்திருக்கக் கால்விரல்கள் கவ்வ வேண்டும், மரத்துப்போன விரல்கள் கவ்வா. பின்பக்கம் வார், முன்பக்கம் வெல்க்ரோ, அகலமான அடிப்பாகம், 2.5 சென்டிமீட்டருக்கு மேற்படாத குதி. புண் வராமல் இருக்க மருத்துவர் எழுதித்தரும் எம்.சி.ஆர். எனும் மென்மையான ரப்பர் உள்பகுதியில் இருக்கட்டும். வெளி சோல் உறுதியாக இருக்க வேண்டும். மெத்தென்று அமுங்கும் கனமான சோல் சுகமாகத்தான் இருக்கும், ஆனால் மிச்சமிருக்கும் கொஞ்ச உணர்வையும் அது விழுங்கிவிடும், பாதமும் ஆடும். மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும்போது அளவெடுத்து வாங்குங்கள். உணர்வு குறைந்தவர்கள் இறுக்கமாக இருந்தால்தான் "சரியா இருக்கு" என்பார்கள், அதை நம்பாமல் பாதத்தைக் காகிதத்தில் வரைந்து வெட்டி செருப்பின் மேல் வைத்துப் பாருங்கள்.

என்ன உடற்பயிற்சி செய்வது?

நடைப்பயிற்சி மட்டும் போதாது. நிலைநிற்கும் பயிற்சி தனியாக வேண்டும், வாரம் மூன்று நாளாவது, ஒவ்வொரு முறையும் 20 முதல் 30 நிமிடம். சமையல் மேடைதான் சிறந்த இடம்: அசையாது, இடுப்பு உயரம். முன்னால் மேடை, பின்னால் ஒரு நாற்காலி. செருப்போடு செய்யுங்கள்.

முதலில் மேடையைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி, 3 விநாடி நின்று, மெல்ல இறக்குவது 10 முறை. பிறகு குதிகாலில் நின்று முன்பாதத்தைத் தூக்குவது 10 முறை; தடுக்கி விழாமல் காக்கும் தசை இதுதான். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவது 10 முறை. மேடை ஓரமாகப் பக்கவாட்டில் நடப்பது இரண்டு பக்கமும் 10 அடி. கடைசியாக நிற்கும் சோதனையில் சொன்ன நான்கு நிலைகளில் உங்களுக்குச் சற்றே கடினமானது எதுவோ அதில் 10 விநாடி. அது சுலபமானதும் 30 விநாடி வரை கொண்டுபோங்கள்.

கடினத்தைக் கூட்டும் வரிசை: இரண்டு கை, ஒரு கை, ஒரு விரல், பிறகு விரலை மேடைக்கு மேல் ஒரு அங்குலம் தூக்கி வைப்பது. ஆடவே ஆடாத அளவுக்குச் சுலபமாகச் செய்தால் பயனில்லை. சற்றே ஆட வேண்டும், விழக் கூடாது. சுமார் இரண்டு மூன்று மாதத்தில் வித்தியாசம் தெரியும். நிறுத்திவிட்டால் பலன் போய்விடும்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பிசியோதெரபி தரும் ஏற்பாடு உண்டு. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

பாதத்தில் புண் இருக்கிறது. பயிற்சி செய்யலாமா?

நின்று செய்பவை கூடாது. உட்கார்ந்தபடி முழங்காலை நீட்டுவது, கையில் எடை தூக்குவது போன்றவற்றைச் செய்யலாம். தினமும் பயிற்சிக்கு முன்னும் பின்னும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

கைத்தடி பிடித்தால் பழகிவிடும் என்கிறார்களே?

இந்தப் பேச்சால் எத்தனையோ பேர் கைத்தடி இல்லாமலே விழுந்திருக்கிறார்கள். கைத்தடி எடையைத் தாங்குவதற்கு மட்டும் இல்லை, தரையைப் பற்றிய தகவலைக் கைக்குக் கொண்டுவருவதற்கும்தான். அசையாத பொருளை விரல் நுனியால் லேசாகத் தொட்டாலே உடலின் ஆட்டம் குறைவது ஆய்வுக்கூடங்களில் அளந்து காட்டப்பட்டிருக்கிறது. கால் இழந்த தகவலைக் கை ஈடுகட்டுகிறது.

அளவு முக்கியம். செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு இருக்கும் உயரத்தில் பிடி வர வேண்டும். தாத்தா வைத்திருந்த தடி பேரனுக்குப் பொருந்தாது. ஒரு கால் அதிக பலவீனம் என்றால் எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். அடியிலுள்ள ரப்பர் குப்பி வழவழப்பானதும் மாற்றுங்கள். ஒரு தடி போதாதவருக்கு வாக்கர்.

விழுந்துவிட்டால் என்ன செய்வது?

அவசரமாகத் தூக்கி நிறுத்தாதீர்கள். கை கால் அசையவில்லையா, இடுப்பில் வலியா, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் அசைக்காமல் 108. இல்லையென்றால் ஒருக்களித்துப் படுத்து, தவழும் நிலைக்கு வந்து, உறுதியான நாற்காலியைப் பிடித்து, பலமான காலை முன்னே ஊன்றி எழ வேண்டும். மற்றவர் அக்குளில் கைகொடுத்து இழுத்தால் தோள் இறங்கிவிடும். நாற்காலியைக் கொண்டுவந்து கொடுப்பதுதான் உதவி.

தலையில் அடிபட்டு, ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்றவை சாப்பிடுபவராக இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். முதியவர்களுக்கு மூளையைச் சுற்றி மெல்லக் கசியும் ரத்தம் சில வாரம் கழித்துக்கூடக் குழப்பமாகவும் தூக்கமாகவும் வெளிப்படும். சாதாரண விழுதலில் எலும்பு முறிந்தால் எலும்பின் பலத்தையும் வைட்டமின் டியையும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாம் வகைச் சர்க்கரையில் எலும்பு அடர்த்தி அளவு நன்றாகவே காட்டினாலும் முறியும் வாய்ப்பு கூடுதல்.

லேசாகக் கால் பிசகியது. வலி இல்லை, ஆனால் பாதம் வீங்கிச் சூடாக இருக்கிறது.

நடக்காதீர்கள். உணர்வு குறைந்த பாதத்தில் எலும்புகள் நொறுங்கி இடம் மாறும் சார்கோட் பாதமாக இருக்கலாம். இரண்டு பாதங்களையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மற்றதைவிடத் தெளிவாகச் சூடாக இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. முதல் எக்ஸ்ரே இயல்பாகவே வரலாம், அதை வைத்துச் "சுளுக்கு" என்று கட்டுப்போட்டு அனுப்பினால் சில வாரங்களில் பாதத்தின் வளைவே சரிந்துவிடும். சர்க்கரைப் பாதம் பார்க்கும் மருத்துவரிடம் போய், "சார்கோட்டாக இருக்குமா?" என்று நேராகவே கேளுங்கள்.

கெட்ட நரம்பு திரும்பச் சரியாகுமா?

போன உணர்வு பெரும்பாலும் முழுதாகத் திரும்பாது. சர்க்கரைக் கட்டுப்பாடு மேலும் கெடுவதைத் தடுக்கும். முதல் வகையில் நன்றாகவே தடுக்கும், இரண்டாம் வகையில் ஓரளவு. ஆனால் நரம்பு சரியாகாமலே நிலைநிற்கும் திறன் கூடும். பயிற்சியில் தசை பலப்படுகிறது, மூளை கண்ணையும் கையையும் இன்னும் நன்றாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்கிறது.

இது சர்க்கரையால் வந்ததில்லை என்று எப்போது சந்தேகிக்க வேண்டும்?

சில வாரங்களிலேயே வேகமாகக் கூடினால், ஒரு காலில் மட்டும் இருந்தால், காலைவிடக் கையில் முதலில் வந்தால், மரத்துப்போனதைவிட பலவீனம் அதிகமாக இருந்தால், சிறுநீர் அடக்க முடியாமல் போனால். கழுத்தில் தண்டுவடம் நசுங்குவதும், சிகிச்சையால் சரியாகக்கூடிய வேறு நரம்பு அழற்சிகளும் இப்படி வரும். நரம்பியல் மருத்துவரைத் தாமதிக்காமல் பாருங்கள்.

கோயில், பஸ், கல்யாண வீடு?

போகாமல் அடைந்து கிடந்தால் தசை இன்னும் மெலியும், பயம் இன்னும் கூடும். கோயிலுக்கு வெயில் ஏறுமுன் போங்கள்; கருங்கல் சூடு தெரியாமலே பாதம் வெந்துவிடும். அடியில் ரப்பர் புள்ளிகள் வைத்த தடித்த சாக்ஸ் உதவும். பஸ்ஸில் முழுதாக நின்ற பிறகே ஏறி இறங்குங்கள். இருக்கை தரச் சொல்லிக் கேட்கத் தயங்க வேண்டாம். கல்யாண மண்டபத்தில் கை கழுவும் இடம் எப்போதும் ஈரம், ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

வண்டி ஓட்டலாமா?

பிரேக்கில் கால் இருக்கிறதா, ஆக்சிலரேட்டரில் இருக்கிறதா என்று குனிந்து பார்க்காமல் சொல்ல முடியாவிட்டால் கார் ஓட்டக் கூடாது. மோட்டார் சைக்கிளில் சிக்னலில் கால் ஊன்றும் அந்த நொடிதான் ஆபத்து: தரை எங்கே என்று கால் சொல்லாது, வண்டி சாய்ந்துவிடும். இன்சுலினோ கிளிமெபிரைடோ எடுப்பவர் கிளம்புமுன் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓட்டலாமா என்பதில் சந்தேகம் இருந்தால், பாதப் பரிசோதனை முடிவையும் கண் பரிசோதனை முடிவையும் வைத்து மருத்துவரிடம் தெளிவாகக் கேளுங்கள். அதுவரை பின் இருக்கையில் உட்காருங்கள்.